மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைக்கு வீட்டிலேயே நர்ஸ் ஏற்பாடு செய்வது எப்படி

டிஸ்சார்ஜ் பற்றி டாக்டர் முதல் முறை பேச்செடுத்த அன்றே நர்ஸ் தேடும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேதி குறித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நர்ஸ் கிடைப்பதே அரிது, கிடைத்தவருக்கு உங்கள் குழந்தையின் குழாயும் மெஷினும் பழக நாள் பிடிக்கும், பணத்தை யார் தருவது என்ற கடிதப் போக்குவரத்து அதற்கும் மேல் இழுக்கும். வார்டில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறிச் செய்த வேலை முழுவதும், வீட்டுக்கு வந்த முதல் இரவே உங்கள் தலையில் வந்து இறங்கும்.

முதலில் ஒரு தாள்

யாரிடம் போனாலும் "நர்ஸ் வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏஜென்சி, இன்சூரன்ஸ்காரர், டாக்டர் என்று ஆளுக்கொரு விதமாக அதைப் புரிந்துகொள்வார்கள். குழந்தையின் 24 மணி நேரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை முறை சளி எடுக்கிறீர்கள், எந்த நேரத்தில் மருந்து, குழாய் வழியாக உணவு எவ்வளவு நேரம் ஓடுகிறது, எத்தனை மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள், அலாரம் எப்போது அடித்தது, அடித்தபோது என்ன செய்தீர்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே எழுதத் தொடங்கலாம், வார்டு நர்ஸ்களிடம் கேட்டால் சார்ட்டைப் பார்த்துச் சொல்வார்கள். ஒரு வாரம் எழுதினாலே ஒரு உருவம் தெரிந்துவிடும், இரண்டு வாரம் எழுதினால் இன்னும் நல்லது.

எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "இரவில் தூக்கம் சரியில்லை, கொஞ்சம் சிரமப்பட்டான்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இரவு 2.10, ஆக்சிஜன் அளவு 87க்கு இறங்கியது, கெட்டியான சளி, இரண்டு தடவை எடுத்ததும் 96க்கு வந்தது, 2.40க்கு மறுபடியும்" என்று எழுதினால் அந்த நேரத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆள் விழித்திருந்தே ஆக வேண்டும் என்பதை நீங்கள் தனியாக வாதாட வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். கூடவே, அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கட்டுரையில் இனி வருவது எல்லாமே இந்தத் தாளை வைத்துத்தான்.

யார் வேண்டும்?

வீட்டுக்கு வந்து கவனிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. கட்டு மாற்ற, ஊசி போட, ரத்த மாதிரி எடுக்க என்று குறித்த நேரத்தில் வந்து ஒரு மணி நேரத்தில் போகிற நர்ஸ் ஒரு வகை. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஷிஃப்ட் முழுக்கக் குழந்தையின் பக்கத்திலேயே இருக்கிற நர்ஸ் இன்னொரு வகை. குளிப்பாட்ட, துணி மாற்ற, கூட இருக்க வருகிற உதவியாளர் மூன்றாவது. ஏஜென்சிகள் சில சமயம் மூன்றாவது வகையையே "பயிற்சி பெற்றவர்" என்று சொல்லி அனுப்பிவிடுவதுண்டு, அதனால் வருகிறவரின் படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று நேராகக் கேளுங்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தாளில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் நேராக, இதில் அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சளி இப்போது எடுக்க வேண்டுமா வேண்டாமா, உணவை நிறுத்த வேண்டுமா, இந்த நடுக்கம் வலிப்பா சும்மாவா, ஆக்சிஜனைக் கூட்டுவதா டாக்டரைக் கூப்பிடுவதா என்பதெல்லாம் நர்ஸ் எடுக்க வேண்டிய முடிவுகள். உதவியாளர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், தொண்டையில் குழாய் இருக்கிற குழந்தையை அவரிடம் தனியாக விட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போக முடியாது. உதவியாளர் எந்தெந்த மருத்துவ வேலையைச் செய்யலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். ஏஜென்சியிடம் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் போடும் தொண்டைக் குழாய்) வழியாக வெண்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினில் இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்ட குழந்தையின் அருகில் விழித்திருக்கும், பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும், வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது முழுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் டாக்டரிடம் இதை எடுத்துக் காட்டிப் பேசலாம். "விழித்திருக்கும்" என்ற வார்த்தை அங்கே சும்மா போட்டதில்லை. தொண்டைக் குழாய் இருக்கிற பல குழந்தைகள் அழுதால் சத்தம் வராது, ஏனென்றால் மூச்சு குரல்வளைக்குப் போகாமல் கீழேயே வெளியேறிவிடுகிறது. முகம் சிவந்து வாய் திறந்து கண்ணீர் வழிய அழும், பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. அதே அறையில் இருந்தும் கண்ணயர்ந்துவிட்டால் கேட்காத கதைதான்.

இதனால்தான், கிடைக்கிற மணி நேரம் குறைவாக இருந்தால் முதலில் இரவுக்குக் கேளுங்கள் என்று சொல்வேன். பகலில் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ கை கொடுப்பார்கள், இரவு இரண்டு மணிக்கு யாரும் வரப்போவதில்லை. தொடர்ந்து தூக்கம் கெட்ட ஒருவர் கையில் சிரிஞ்சும் மருந்துப் பாட்டிலும் இருப்பது குழந்தைக்கு ஆபத்து. உங்கள் தூக்கத்தைச் சொந்த வசதி என்று நினைத்துக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடாதீர்கள், குழந்தையின் பாதுகாப்புத் திட்டத்தில் அதுவும் ஒரு பாகம். பகல் நேரத்தைக் கேட்க வேண்டியவர்களும் உண்டு: வேலைக்குப் போகிற பெற்றோர், பள்ளிக்கு நர்ஸோடு போக வேண்டிய குழந்தை.

டாக்டர் கடிதமும் பணமும்

அரசுத் திட்டமோ இன்சூரன்ஸோ அறக்கட்டளையோ, பணம் தருகிற இடம் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்பது டாக்டரின் கடிதம். "இந்தக் குழந்தைக்கு வீட்டு நர்சிங் தேவை" என்று இரண்டு வரியில் வருகிற கடிதம் பெரும்பாலும் திரும்பி வரும். நோய் என்ன, எந்த மெஷினை நம்பி இருக்கிறது, நர்ஸ் செய்ய வேண்டிய வேலைகள் எவை, ஒரு நாளைக்கு எத்தனை முறை, அதைப் பயிற்சி இல்லாதவர் ஏன் செய்ய முடியாது, செய்யாவிட்டால் என்ன நேரும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதத்துக்கு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்டருக்கு நேரம் இருக்காது. நீங்கள் எழுதிய தாளைச் சுருக்கி ஒரு பக்கமாகக் கையில் கொடுங்கள், அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது எளிது. இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னதோடு விடாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று அந்தக் கடிதத்தில் இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்களுடைய டாக்டரோடு உங்கள் டாக்டர் நேரடியாகப் பேசினால் சில மறுப்புகள் அங்கேயே தீர்ந்துவிடும். இன்னொன்று அடிக்கடி நடக்கும்: சில மாதம் கழித்து, குழந்தை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, நிலைமை சீராக இருக்கிறது, அதனால் நேரத்தைக் குறைக்கிறோம் என்பார்கள். சீராக இருப்பதே நர்ஸ் இருப்பதால்தான் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி தினசரிக் குறிப்பேடு. அதில் நர்ஸ் "இரவு அமைதியாகக் கழிந்தது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அந்த இரவில் அவர் ஏழு தடவை சளி எடுத்தது காற்றோடு போய்விடும். செய்தது ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

ஏஜென்சி வழியா, நேரடியாகவா?

ஏஜென்சி என்றால் பதிவு, குற்றப் பின்னணிச் சோதனை, சம்பளம், மாற்று ஆள் எல்லாம் அவர்கள் பொறுப்பு, செலவு கூடும், ஆள் யார் என்பதில் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நேரடியாக வைத்தால் ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் லீவு, வேலை ஒப்பந்தம், பதிவு சரிபார்ப்பு எல்லாம் உங்கள் தலையில். நர்சிங் கவுன்சிலில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்க வேண்டும். முதல் தடவை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஏஜென்சிதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஆள் வராத இரவில் கூப்பிட ஒரு எண்ணாவது இருக்கும்.

ஏஜென்சியிடம் "குழந்தைகளைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இப்போது உங்களிடம் வேலை செய்கிறவர்களில் தொண்டைக் குழாய் உள்ள குழந்தையைப் பார்த்தவர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பெரியவர்களைப் பார்த்த அனுபவம் அப்படியே குழந்தைக்கு ஒத்துவராது: குழாய் சின்னது, கொஞ்சம் சளி கட்டினாலே அடைத்துக்கொள்ளும், நிலைமை மோசமாவதும் வேகமாக நடக்கும். நர்ஸ் ராத்திரி வரவில்லை என்றால் யார் எத்தனை மணிக்குள் பதில் சொல்வார்கள், மேற்பார்வைக்கு மூத்த நர்ஸ் வருவாரா, எங்களுக்குப் பிடிக்காத ஆளை வேண்டாம் என்று சொல்லலாமா, இவற்றையும் கேளுங்கள்.

நர்ஸை நேரில் பார்க்கும்போது

சான்றிதழைப் பாருங்கள், அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு ஒரு நிலைமையைச் சொல்லுங்கள். "ராத்திரி மூன்று மணி, குழாய் வெளியே வந்துவிட்டது, குழந்தையின் உதடு நீலமாகிறது. முதல் நொடியிலிருந்து என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்." நல்ல நர்ஸ் தயங்காமல் கைவேலையைச் சொல்வார்: சத்தம் போட்டு உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே தலையணையோ துணிச்சுருளோ தோளுக்குக் கீழே வைத்துக் கழுத்தை நிமிர்த்துவேன், தலைமாட்டில் இருக்கும் அதே அளவு மாற்றுக் குழாயைப் போடுவேன், போகவில்லை என்றால் ஒரு அளவு சின்னதைப் போடுவேன், அதுவும் போகவில்லை என்றால் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்கால் மூச்சுக் கொடுப்பேன், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்வேன். அதோடு அவராகவே, "இந்தக் குழந்தைக்கு மேல் மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, வாய் வழியாக மூச்சுக் கொடுத்தால் போகுமா?" என்று உங்களிடம் திருப்பிக் கேட்டால் விட்டுவிடாதீர்கள், அவரை வைத்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகளுக்கு அது போகாது, அவர்களுக்கான திட்டமே வேறு, அதை உங்கள் டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். "உடனே உங்களை எழுப்புவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவரிடம் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

குழந்தையிடம் அவர் எப்படிப் போகிறார் என்றும் கவனியுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறாரா, மெஷினைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கிறாரா, குழந்தையைப் பார்த்துவிட்டு மெஷினைப் பார்க்கிறாரா. அலாரம் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் முகமும் மார்பும்தான். பேச முடியாத குழந்தைக்கும் யார் தன்னோடு பேசுகிறார்கள் என்று தெரியும்.

முதல் சில ஷிஃப்டுகளில் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். அப்புறம் அவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் தனியாகச் செய்யட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். இந்த மூன்றும் முடியாமல் வெளியே போகாதீர்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும். சளி எடுக்கும்போது கவனிக்க இரண்டு விஷயம் உண்டு: கத்தீட்டரை (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) அளந்து குறித்த ஆழத்துக்கு மேல் விடக்கூடாது, ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் உள்ளே வைக்கக்கூடாது. அழுத்தம் எவ்வளவு என்று டாக்டர் சொன்ன எண்ணை மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

வீட்டைத் தயார் செய்வது

கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம், ராத்திரியில் குழந்தையின் உதட்டு நிறம் தெரிகிற அளவு வெளிச்சம், கை கழுவ வசதி, குழந்தை கண்ணில் படும்படி நர்ஸுக்கு நல்ல நாற்காலி. மின்சாரம் போனால் வெண்டிலேட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினுக்குப் பேட்டரி உண்டா, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் நின்றால் போட சிலிண்டர் இருக்கிறதா என்று ஒரு பகலில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள், டாக்டரிடமும் மெஷின் கொடுத்தவரிடமும் கேட்டு, பக்கத்தில் ஆம்பு பேக்கோடு ஒருவரை நிறுத்திவிட்டு. மின்வாரியத்துக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆக்சிஜன் ஓடுகிற இடத்திலிருந்து அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவானாலும் நெருப்பு குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் ஓடும் குழந்தையின் முகத்தில் வாசலின் போன்ற பெட்ரோலிய களிம்பு தடவக்கூடாது.

அவசரப் பை ஒன்று எப்போதும் குழந்தையோடு போக வேண்டும், குளியலறைக்குப் போனாலும் சரி. அதே அளவு குழாய், ஒரு அளவு சின்னக் குழாய், கட்டும் நாடா, கத்தரிக்கோல், கத்தீட்டர்கள், கையால் இயங்கும் சக்‌ஷன், ஆம்பு பேக், வலிப்பு மருந்து, மருந்துப் பட்டியல். ஷிஃப்ட் தொடங்கும்போது நர்ஸ் முதலில் பையைத் திறந்து பார்க்க வேண்டும், ஆம்பு பேக்கை அமுக்கிப் பார்க்க வேண்டும், சக்‌ஷனை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், அலாரம் எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

மருந்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் மி.கி.க்கும் மி.லி.க்கும் இடையில்தான். ஒரே மருந்து வேறு செறிவில் வரும், கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார், அதே 4 மி.லி. கொடுத்தால் இரண்டு மடங்கு மருந்துகூட உள்ளே போய்விடலாம். பட்டியலில் மி.கி., மி.லி., பாட்டிலின் செறிவு மூன்றையும் எழுதுங்கள், புதுப் பாட்டில் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஸ்பூன் வேண்டாம், அளவு சிரிஞ்ச் மட்டும். குழந்தையின் எடை கூடும்போது மருந்தளவும் மாற வேண்டியிருக்கும் என்பதை டாக்டருக்கு நினைவுபடுத்த வேண்டியது பல சமயம் நீங்கள்தான்.

மூக்குக் குழாய் என்றால் ஒவ்வொரு முறை உணவு விடும் முன்பும் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் விடலாம், இல்லையென்றால் விடாமல் கூப்பிட வேண்டும். வயிற்றில் துளையிட்டுப் போட்ட உணவுக் குழாய் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. அறுவை சிகிச்சை நடந்து சில வாரமே ஆகியிருந்தால் வீட்டில் திரும்பப் போட முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் "இது நடந்தால் இதைச் செய், இவரைக் கூப்பிடு" என்று டாக்டர் ஒப்புக்கொண்ட ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் என்ன, மருந்து செலுத்த நெஞ்சுப் பக்கம் பெரிய ரத்தக் குழாயில் குழாய் (சென்ட்ரல் லைன்) போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் வந்தால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ராத்திரியில் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

ஒரே வீட்டில் நாளெல்லாம்

உங்கள் வீட்டுக்குள் வெளி ஆள் ஒருவர் நாளெல்லாம் இருப்பது லேசான விஷயம் இல்லை, அவருக்கும் அப்படித்தான். முதல் வாரமே எழுத்தில் பேசிவிடுங்கள்: எந்த அறைக்கு வரலாம், சாப்பாட்டு இடைவேளை எப்போது, அந்த நேரம் குழந்தையை யார் பார்ப்பது, போன் எப்போது எடுக்கலாம், குழந்தையின் படத்தை எங்கும் போடக்கூடாது. கேமரா வைத்தால் அவருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். மறைத்து வைத்துப் பின்னால் தெரிந்தால் நல்ல நர்ஸ் போய்விடுவார், சில நாடுகளில் சட்டச் சிக்கலும் வரும். வீட்டு வேலை, மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை இல்லை, அதை அவர் தலையில் கட்டினால் குழந்தையின் மேல் இருக்கிற கண் விலகும்.

சின்னக் குறைகளை அன்றைக்கே, தனியாக அழைத்துச் சொல்லுங்கள். வெண்டிலேட்டர் குழந்தையின் அருகில் தூங்கியது, செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியது, காரணம் சொல்ல முடியாத காயம், இந்த மூன்றில் எது நடந்தாலும் அடுத்த ஷிஃப்டுக்கு அவர் வேண்டாம். ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆள் கிடைப்பது கஷ்டம் என்ற பயத்தில் இதைப் பொறுத்துக்கொள்கிறவர்களை அறிவேன், தயவுசெய்து பொறுக்காதீர்கள். வாய் பேசாத குழந்தை குளிக்கும்போது தினமும் உடம்பைப் பாருங்கள். ஒருவர் வரும் நாளில் மட்டும் குழந்தை இறுகிப்போகிறதா என்றும் கவனியுங்கள்.

நர்ஸ் வராத நாள் நிச்சயம் வரும். அதற்காகத்தான் வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் முழுப் பயிற்சி வேண்டும் என்பது. அம்மா மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று விட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு யாரும் இல்லை. அப்பா, பாட்டி, அத்தை யாராக இருந்தாலும் டிஸ்சார்ஜுக்கு முன்பே குழாய் மாற்றுவதைக் கையால் செய்து பழகட்டும். பல மருத்துவமனைகள், வார்டு நர்ஸின் உதவி இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் குடும்பமே பார்த்துக்கொள்ளும் ஒத்திகையை அங்கேயே வைக்கின்றன. அப்படி ஒன்று இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பும்போதும், மெஷின் மாறும்போதும், எடை கூடும்போதும் அந்த 24 மணி நேரத் தாளைத் திரும்ப எழுதுங்கள், பழையதைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். நேரத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்குப் போகும்போது புதுத் தாள், கடைசி மாதத்துக் குறிப்பேடு, டாக்டரின் புதுக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். முடிவு தேதிக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே கடிதத்துக்குச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அனுமதி ஒரு நாள் தவறினாலும் அன்றைய இரவு ஷிஃப்டுக்கு ஏஜென்சி ஆள் அனுப்பாது.